ஆளுக்கு ஒருமுறை விழும் விமானம்

நான் இழுவை வண்டியைப் பின்னால் எடுத்து எங்கள் படையின் சரக்கு விமானத்தில் இடித்ததும், அதன் வயிற்றிலிருந்து கடல்நீர் கொட்டியது. எங்கள் விமானத் தளத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. தலைமை மெக்கானிக் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புதான்" என்று சொல்லிவிட்டு ஓட்டையை அடைக்கப் போனார். என்னைத் திட்டக்கூட இல்லை. நான் இடிப்பது அங்கே வெயில் அடிப்பது மாதிரி.

அந்த விமானம் பட்டதை மறக்காது, அவ்வளவுதான் விஷயம். முதலில் வாங்கிய பனி நாட்டுப் படை அதை உறைந்த ஓடுபாதையில் வழுக்கவிட்டு மரங்களுக்குள் செருகியது. அதனால் விமானி அறையில் இன்றும் லேசாகப் பனி விழும், ஓட்டுபவர்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்வார்கள். அடுத்து வாங்கிய தீவு நாட்டுப் படை கடலில் இறக்கியது. அதற்கடுத்த பாலைவன நாட்டுப் படை மணல்மேட்டில் மோதியது. இடது இறக்கையிலிருந்து உதிர்ந்த மணலை வைத்துத்தான் எங்கள் சாப்பாட்டுக்கூடத்துக்குச் சுவர் எழுப்பினோம். எதிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் ஒருமுறை விழுந்திருக்கிறது. எங்களிடம் வந்து வருஷங்கள் ஓடியும் இன்னும் விழவில்லை. அதனால் அது கிளம்பிய நாளெல்லாம், திரும்பி வரும்வரை எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த மழைக்காலத்தில் வெள்ளம் ஒரு மலை நகரத்தைத் துண்டித்தது. அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்த என் மனைவி கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டாள். அங்குள்ள குட்டையான ஓடுபாதையில் இறங்கக்கூடியது இந்த விமானம் ஒன்றுதான். ஓட்டப்போவது எங்கள் படையின் மூத்த விமானி, என் மாமியார்.

மாமியார் எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. நான் பெண் கேட்டபோது, "உங்களுக்கு ரிவர்ஸ் வருமா?" என்றார். வரும் என்று பொய் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. இப்போதும் ஏணிவரை ஓடி, "அத்தை, இந்தத் தடவை விழுந்துடுமா?" என்று கேட்டேன். "சாப்டீங்களா மாப்பிள்ளை?" என்றபடி ஏறிவிட்டார். தளபதியைக் கேட்டால், தகுதிச் சான்று இருக்கிறதாம். மெக்கானிக், "மொதல்ல வாயக் கழுவுய்யா" என்றார்.

மறுநாள் காலை, மலை நகரத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த விமானத்தின் எஞ்சின்கள் தளத்துக்கு நேர்மேலே மொத்தமாக நின்றன. விமானம் விழத் தொடங்கியது. இலவம்பஞ்சு மாதிரி, காலையில் ஆரம்பித்து மாலைத் தேநீர்வரை விழுந்துகொண்டே இருந்தது. தளபதி நாற்காலிகள் போடச் சொன்னார். நடுப்பகலில் காற்று திரும்பி, அதை எரிபொருள் கிடங்கின் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அப்போது யாரும் உட்காரவில்லை. மாமியார் பக்கச் சன்னலைத் திறந்து, ஒரு கையை வெளியே நீட்டி, துடுப்புப் போடுவதுபோல் காற்றைத் தள்ள ஆரம்பித்தார். நானும் என் பங்குக்கு உதவலாமே என்று இழுவை வண்டியில் ஏறினேன். மெக்கானிக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "நீ மட்டும் எதையும் தொடாத சாமி, அந்தம்மா பாத்துக்கும்!"

அந்தம்மா பார்த்துக்கொண்டது. வெயில் சாயும்வரை தள்ளித் தள்ளி, விமானத்தைப் புல்வெளியில் கோழி அடைகாக்க அமர்வதுபோல் உட்காரவைத்தது. ஜனங்கள் மூட்டைகளோடு இறங்கி வரிசையாகத் தேநீருக்குப் போனார்கள். என் மனைவி இறங்கி வந்து, "எதுக்கு இப்ப அழறீங்க? எல்லாரும் பாக்கறாங்க. போய் அம்மாகிட்ட பிள்ளைய வாங்குங்க" என்றாள்.

மாமியார் தொப்பியில் பனியோடு கடைசிப் படியில் நின்றிருந்தார். வேறு எதையாவது கேட்டுச் சமாளிப்பார் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்: "பயமா இருந்துச்சா அத்தை?"

"இருந்துச்சு மாப்பிள்ளை. ரொம்ப. பிள்ளையப் பிடிங்க."