ஒரு பிடி மணலுக்கு நாலு பக்க விதி

வெர்னன் ஹால்வர்சன் வாரநாட்களில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிறவர். ஞாயிறு மதியம் மட்டும் கடவுள். அவருடைய உலகம் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. விஸ்கான்சினில் ஊரே கால்பந்து பார்க்கிற நேரத்தில் மூன்று பேர் பியரும் கையுமாக அங்கே உட்கார்ந்து கற்பனை வீரர்களை வைத்து ஆடும் விளையாட்டுக்குப் பகடை உருட்டுவார்கள். தங்கள் வீரன் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்ல வேண்டும். என்ன ஆனது என்பதை வெர்னன் அருளுவார்.

லோர்னா உட்கார்ந்திருந்தது தம்பி டேரிலின் நாற்காலியில். போன குளிர்காலத்தில் நெடுஞ்சாலைப் பனியில் அவன் வண்டி சறுக்கியது. அடக்கம் முடிந்த வாரமே வெர்னன் கூப்பிட்டார். "ஆட்டத்துல அவனோட வீரன் பெர்ட்ராம் சும்மா நிக்கிறான், லோர்னா. நீ வந்து ஆடேன்." வந்தாள். டேரிலுடைய சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அவன் விட்டுப்போனதில் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தது பெர்ட்ராம் ஒருவன்தான். அந்த மேசையிலோ செத்தால் செத்ததுதான். உயிர்ப்பிக்கும் மந்திரம் சின்னப் பிள்ளைகளுக்கு என்பது வெர்னன் கொள்கை.

விதி எதுவும் தெரியாததால்தான் அவள் முதல் மாதமே அதைக் கேட்டாள்.

"ஆத்தங்கரைதானே? மணல் இருக்குமா?"

"இருக்கும்."

"ஒரு பிடி அள்ளி அந்த ராட்சசன் கண்ணுல அடிக்கிறேன்."

வெர்னன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆட்டம்னா இதுடா!" ராட்சசன் தாக்க வேண்டிய தன் முறையை இழந்து கண்ணைக் கசக்கினான். "டேரிலும் இதையேதான் செஞ்சிருப்பான்," என்றான் கூட ஆடுகிற கர்ட்டிஸ். அன்றைக்கு லோர்னா வண்டியில் அழுதபடியே வீட்டுக்குப் போனாள், சந்தோஷமாகத்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. வாள் வெட்டினால் எதிரியின் உயிரில் கொஞ்சம் குறையும். மணல் வீசினாலோ அவனுடைய முறையே போய்விடும், அதுவும் இலவசமாக. அப்புறம் யார் வாளைத் தொடுவார்கள்? கர்ட்டிஸ் ஆட்டத்தில் ஒரு கோவேறு கழுதை வாங்கி மணல் மூட்டைகளை ஏற்றினான். வெர்னன் இரண்டு வருடமாகச் சோறூட்டி வளர்த்த டிராகன், ஒரு தடவைகூட நெருப்பைக் கக்காமல், கண்ணைக் கசக்கிக்கொண்டே செத்தது.

வெர்னன் இரண்டு வாரம் ஆட்டத்தை நிறுத்தினார். திரும்பி வந்தபோது கையில் பிளாஸ்டிக் உறையிட்ட நாலு பக்கங்கள். எந்தத் திடீர் வித்தைக்கும் இனி மூன்று உருட்டல். ஒன்று தவறினாலும் போச்சு. இதுவரை மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டிய அவருடைய பகடையும் இனி எல்லார் கண் முன்னால்.

"அதோட," என்று தொண்டையைச் செருமினார், "நீங்க செய்யற வித்தைய எதிராளியும் செய்வான். இதுக்குப் பேர்தான் சமநிலை."

"நோபல் பரிசுக்கு எழுதிப் போட்டியா?" என்றாள் மூன்றாவதாக ஆடுகிற மருந்துக்கடை கிளெண்டா.

அன்றே கயிற்றுப் பாலத்தில் ஆறு பூதக்குட்டிகள் எதிரே வந்தன. ஆறும் இடுப்புப் பையிலிருந்து மண் அள்ளின. ஒரு பிடி மணல் கண்ணில் விழுவது இப்போது கடினம்தான். ஆனால் ஆறு கை வீசினால் ஒன்றாவது விழும் என்பதைப் பிரபஞ்சத்தைப் படைத்தவர் யோசித்திருக்கவில்லை. ஐந்து தவறின. ஆறாவது விழுந்தது. கண் தெரியாத பெர்ட்ராம் பாலத்தின் ஓரம் தாண்டிக் கால் வைத்தான்.

"அவன் மேலங்கியப் புடிக்கிறேன்!" என்று கர்ட்டிஸ் கத்தினான்.

"அதுவும் வித்தைதான். மூணு உருட்டு."

முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது தவறியது; பெர்ட்ராம் பள்ளத்தில் போனான்.

"வெர்னன்," என்றாள் லோர்னா, "முன்னாடியெல்லாம் மறைச்சு உருட்டுவியே. எங்களுக்காகப் பொய் சொல்லுவ. எல்லாருக்கும் தெரியும்."

வெர்னன் கை பகடையை நோக்கி நகர்ந்தது. கண் உறையிட்ட பக்கத்தின் மேல் விழுந்தது. கை நின்றது.

"அதெல்லாம் ஏமாத்து, லோர்னா. இப்ப நாம நேர்மையா ஆடறோம்." வெற்றுத்தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "புதுசா ஒருத்தன உண்டாக்கிக்கோ. மந்திரவாதி வேணும்னு ரொம்ப நாளா இருக்கு."

அவள் எழுந்து படியேறி மேலே போனாள். கீழே விவாதம் சூடுபிடித்திருந்தது.

"ஆறு பேருக்கு ஆறு வாய்ப்பா? எந்த ஊர் சமநிலைடா இது?" என்றான் கர்ட்டிஸ்.

"கூட்டத்துக்கு ஒரே வாய்ப்புன்னு போடு, முட்டாள்," என்றாள் கிளெண்டா.

அவள் கதவருகே பனிக்காலணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெர்னன் படியடிக்கு ஓடி வந்தார். முகத்தில் பழைய பிரகாசம்.

"லோர்னா! ஓட்டையக் கண்டுபுடிச்சுட்டோம்! இனிமே கூட்டம் முழுசுக்கும் ஒரே தடவைதான்!"

அவள் நிமிர்ந்தாள். "அப்ப பெர்ட்ராம்?"

"அடுத்த வாரத்துலேருந்து," என்றார் வெர்னன். "முன்தேதி போட்டா மத்தவங்களுக்கு நியாயமா இருக்காது, பாரு."

அவள் இன்னொரு காலணியின் கயிற்றையும் இழுத்துக் கட்டினாள்.