எழுபது டிகிரியில் ராகு காலம்

சிப்காட்டில் இருந்த அந்தச் சாயக் கம்பெனியின் மேலாளர் சடையப்பன், நாட்காட்டியைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். 2009இல், எத்தனை டிகிரி சூட்டில் சாயம் ஜாஸ்தி கிடைக்கும் என்று பார்க்க அறுபது, எழுபது, எண்பது என மூன்று சோதனைகள் வைத்தார்கள். எழுபதின் முறை ராகு காலத்தில் வந்து விழுந்தது.

"நடுவுல இருக்கறது நடுவுலதாம்மா வரும்" என்று இசைவாணியிடம் சொன்னவர், சோதனையை விட்டுவிட்டு, அறுபதில் கிடைத்ததையும் எண்பதில் கிடைத்ததையும் கூட்டிப் பாதியாக்கி எழுபதுக்கு எழுதிவிட்டார்.

சிதம்பரத்திலிருந்து காரில் வந்த ஆலோசகர் டாக்டர் செந்தமிழ்செல்வன், திரையில் வரைபடத்தின் மூன்று புள்ளிகளையும் பார்த்து உருகிப்போனார். "என் சர்வீஸ்ல இப்படியொரு நேர்கோட்டப் பாத்ததில்ல! தொண்ணூறுக்கு ஏத்துங்க, இன்னும் கொட்டும்." கூட்டிப் பாதியாக்கினால் நேர்கோடு வராமல் வேறென்ன வரும்? அதை அவர் கேட்கவில்லை. பொன்னாடை தயாராக இருந்தது.

இசைவாணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை பெரிய ரியாக்டரைத் தொண்ணூறுக்கு ஏற்ற வேண்டியவள் அவள். இன்னும் வேலை நிரந்தரமாகாத கெமிஸ்ட். சாயம் கருகித் தாராகிப்போனால், ஆலோசகருக்குக் கார் இருக்கிறது, மேலாளருக்குப் பழி போட ராகு இருக்கிறான். அவளுக்கு?

செவ்வாய் ராகு காலத்தில் ஆய்வகத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அவளே எழுபதில் ஒரு குடுவை போட்டுப் பார்த்தாள். இரண்டு முனைகளிலும் கிடைத்ததைவிட அதிகம். அப்படியானால் அது கோடே இல்லை, மேடு. எழுபதில் உச்சி, எண்பதிலேயே இறக்கம், தொண்ணூறில் பள்ளம்.

மேலாளரிடம் ஓடினாள்.

"எப்பப் போட்ட?"

"இப்பத்தான் சார்."

சடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலத்துல போட்டா கோணலாத்தாம்மா வரும். போ, போ. நாளைக்கு மொதலாளி வராரு."

மறுநாள் இசைவாணி நீராவி வால்வைத் திறந்தாள். முள் ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது. பின்னால் ஆலோசகர் முதலாளிக்கு நேர்கோட்டின் அழகை விளக்கிக்கொண்டிருந்தார். சுவரில் மணி பன்னிரண்டை நெருங்கியது.

"சார்..." மேலாளரிடம் திரும்பினாள். "எழுபதத் தாண்டறப்ப ராகு காலம் பொறந்துடுமே, பரவால்லீங்களா?"

சடையப்பன் முகம் வெளுத்தது. "ஐயய்யோ! புடிம்மா! அப்டியே புடி! ஒன்றர வரைக்கும் ஒரு டிகிரி ஏறக்கூடாது!"

ஒன்றரைக்குள் எழுபதிலேயே வேலை முடிந்திருந்தது. சாயம் கொட்டியது. முதலாளி ஆலோசகரின் கையைக் குலுக்கினார்.

"தொண்ணூறுக்குப் போயிருந்தா இன்னும் கொட்டியிருக்கும்" என்றார் ஆலோசகர். "நாளைக்குப் பாருங்க."

இசைவாணி நாட்காட்டியின் தாளைத் தூக்கிப் பார்த்தாள். வியாழன். ராகு காலம் ஒன்றரைக்குத்தான். காலையிலேயே வால்வைத் திறந்தால் அதற்குள் முள் தொண்ணூறைத் தொட்டுவிடும்.

"சார், நாளைக்குச் சாப்புட்டுட்டு மெதுவா ஸ்டீமத் தெறக்கட்டுங்களா?"