நாலு ஜிபியில் நின்ற கேமரா

தூங்குவதற்காகக் கேமராவை அணைத்தது வாட்ச்மேன்தான் என்று மேலாளர் எழுதியே கொடுத்துவிட்டார். மூன்று நாளில் பதில் சொல்லாவிட்டால் வேலை போச்சு. கிடங்கு வாசலில் பதினெட்டு வருஷம் நின்றவருக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எது முன்பக்கம் என்றுகூடத் தெரியாது.

வாசலில் நடப்பதை நாள் முழுக்க ஒரே ஃபைலாகப் பிடிக்க வேண்டிய கம்ப்யூட்டர், தினமும் பாதியிலேயே பதிவை நிறுத்திக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் மேலாளரின் மச்சினர். 'மூளை' என்று பெயர், வைத்தவர் அவரேதான். முதலில் தூசி என்றார். அப்புறம் வைரஸ் என்றார். கடைசியில், "டிஸ்க்ல முக்கால்வாசி காலியா கெடக்கு. மெஷின் மேல தப்பில்ல. யாரோ கை வைக்கிறாங்க" என்றார். கை என்று சொல்ல அங்கே வாட்ச்மேனுடையதுதான் வாகாக இருந்தது.

கேமரா ஒன்பது நாள் நின்றிருந்தது; ஒவ்வொரு நாளும் நின்ற நேரம் மேலாளர் கொடுத்த கடிதத்தில் இருந்தது. வாட்ச்மேன், வந்துபோகும் லாரிகளை எழுதும் வாசல் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பது லாரி வந்த நாளில் மத்தியானம் ஒரு மணிக்கே நின்றிருந்தது. ஈ காக்கை வராத ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு. கடிதத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனார். மூளையும் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"மூளை தம்பி, தூங்கப் போறவன் லாரிய எண்ணிட்டா கேமராவ அணைப்பான்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் பெரியவரே?"

"அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டது! நிக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ தின்னுச்சுன்னு பாருங்க."

மூளை வேண்டாவெறுப்பாகத் திறந்தார். ஒன்பது ஃபைலும் ஒரே அளவு. நாலு ஜிபி. அவர் முகம் சுண்டிப்போனது. அந்தக் காலத்து டிஸ்க். எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. நடமாட்டம் கூடினால் ஃபைல் வேகமாகப் பெரிதாகும். மணிக்கு ஒரு ஃபைலாக வெட்டும்படி மாற்றினார். இரண்டு நிமிஷ வேலை.

"எனக்கு அப்பவே சந்தேகம் மாமா" என்றார், கூச்சமே இல்லாமல்.

மேலாளர் கனைத்துக்கொண்டார். "சரி பெரியவரே, மனசுல வச்சுக்காதீங்க. போய் வேலையப் பாருங்க."

வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் அணைச்சேன்னு எழுதிக் கொடுத்தீங்கல்ல சார்? அணைக்கலன்னும் எழுதிக் கொடுங்க."

"வாயால சொன்னா போதாதா?"

"வாயால சொன்னத நாளைக்கு வாயாலயே இல்லன்னுடுவீங்க."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். வாட்ச்மேன் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

"தேதி போடல சார்."