ஒரு வரி மேலே

கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுகிறவளின் கணவர், இறந்து, தன் கல் நடப்பட்ட நாலாம் நாள், வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு டீ கேட்டார். சட்டையில் கொஞ்சம் ஈரமண் ஒட்டியிருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு மணிக்குப் போய்விட்டார். அடுத்த வியாழனும் வந்தார். முதல் நாள் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. மூன்றாவது வாரம், வருகிற மனிதருக்குப் பால் இல்லையே என்றுதான் கவலைப்பட்டாள்.

அந்த ஊரில் கல் என்றால் அதில் ஒரு வரி லத்தீன் இருக்க வேண்டும். யாருக்கும் புரியாது, அதுதான் கௌரவம். பட்டறையில் ஒரு பழைய புத்தகம் இருந்தது: இடப்பக்கம் லத்தீன் தொடர்கள், வலப்பக்கம் ஆங்கிலத்தில் அவற்றின் பொருள். வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நேர் எதிரே உள்ள லத்தீனை வெட்டுவார்கள். கல்லும் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் கல்லை உடைத்துவிட வேண்டும் என்பது கணவர் போட்ட சட்டம். ஒரு புள்ளி பிசகினாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர் என்பதால் தெருவில் அவருக்குக் கமா சார் என்று பெயர்.

பதினோரு வருஷம் கழித்து, தாயாருக்குக் கல் சொல்ல வந்த மொழிப் பேராசிரியர் ஒருவர் இடுகாட்டைச் சுற்றிப் பார்த்து, புத்தகத்தையும் புரட்டிவிட்டு, எல்லாக் கல்லிலும் கேட்டதற்கு ஒரு வரி மேலே உள்ள லத்தீன் வெட்டப்பட்டிருக்கிறது என்றார். பிய்ந்த புத்தகத்தைத் தைத்தபோது வலப்பக்கம் ஒரு வரி ஏறிவிட்டது. தைத்தவர் சாட்சாத் கமா சார்தான். அப்போதுதான் பல சங்கதிகள் விளங்கின. 'உண்மை' என்று வெட்டச் சொன்ன வாத்தியாரின் கல்லில் 'வெர்பாட்டிம்', அதாவது சொல்லுக்குச் சொல், என்று இருந்தது. அந்தப் பக்கம் யார் எதைப் பேசினாலும் குழிக்குள்ளிருந்து அப்படியே திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். கல்யாணமே செய்துகொள்ளாத கடிகாரக்காரருக்கு, 'நினைவாக' என்பதற்குப் பதில் 'இன் லோகோ பேரண்டிஸ்', பெற்றோர் ஸ்தானத்தில், என்று விழுந்திருந்தது. அவர் கல்லைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் தானாகச் சரியாகிவிடும். நித்திய உறக்கம் கேட்ட கமா சாருக்கு வாய்த்ததோ 'ப்ரோ டெம்போரே', தற்போதைக்கு.

வாத்தியாரின் கல்லை மாற்றினாள். அன்றே அந்தக் குழி ஊமையாகிவிட்டது. கடிகாரக்காரரின் கல்லைத் தொடக்கூடாது என்று பத்துத் தாய்மார்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள், அதை விட்டுவிட்டாள். விஷயம் தெரிந்த வியாழனன்று கமா சார் டீயைத் தொடவில்லை.

"என் தலைமாட்டுலேயே தப்பா? அடுத்த வாரத்துக்குள்ள மாத்திடு."

"மாத்தினா நீங்க வர மாட்டீங்க."

"வரலைன்னா என்ன, கல்லு சரியா இருக்கணும்ல?"

"எனக்கு நீங்க வேணும். கல்லு எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

அவர் ஏழுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் அவள் இரண்டு தரம் உளியோடு இடுகாடு வரை போய்த் திரும்பினாள். சொந்தப் புருஷனுக்குச் சீட்டு எழுதத் தோன்றாத தன் அவசரத்தை நொந்துகொண்டாள். புதன்கிழமை சீட்டுக் கட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

வியாழன் ஐந்து மணிக்கு டீயோடு ஒரு சீட்டையும் வைத்தாள். இறந்தவர் பெயர், கல்லின் அளவு, தற்போதைக்கு என்பதற்கான ஆங்கிலம், கீழே வாடிக்கையாளராக அவள் கையெழுத்து. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"தேதி நேத்துப் போட்டிருக்கு?"

"வாடிக்கைக்காரி லேட்டாத்தான் வந்தா."

அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சீட்டுப்படி கல்லில் தப்பில்லை, டீயில்தான் சர்க்கரை கம்மி என்றார்.