ஐந்தாவது மன்றாட்டு

மன்னிப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினெட்டு வயதிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறேன். கால் முழுக்க வெடிப்பு, அந்த வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர். மேஸ்திரியை, வெயிலை, செத்துப்போன மாமியாரை, எல்லோரையும் தினமும் மன்னித்துவிட்டுத்தான் பாயில் சாய்கிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் உபதேசியார் குடையோடு உப்பள வரப்பில் வந்து நின்று, "மன்னிச்சிடணும் அந்தோணியம்மா, நாமல்லாம் கிறிஸ்தவங்க" என்றபோது எனக்கு வந்த கோபத்துக்கு, தலையில் இருந்த உப்புக்கூடையை அவர் வெள்ளை வேட்டிமேல் கவிழ்த்திருப்பேன்.

சாமியார் வராத நாட்களில் கோயிலைத் திறந்து ஜெபம் சொல்பவர்தான் உபதேசியார். தங்கமான மனுஷன். தங்கமான மனுஷர்களைப் பார்த்துத்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புகிறார்கள்.

அனுப்பியவன் அருமைநாதன். எங்கள் குப்பத்தில் பாக்கெட் சாராயம் விற்றவன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவன் விற்றதில் மெத்தனால் இருந்தது. பக்கத்து வீட்டு மலர்கொடியின் புருஷன் மறுநாளே செத்துப்போனான். என் வீட்டுக்காரர் பச்சமுத்து பிழைத்துக்கொண்டார், கண் இரண்டும் போய்விட்டது. காலையில் எழுந்து உட்கார்ந்து, "ஏன்மே, எல்லாம் உப்பு கொட்டுன மாரி வெள்ளையா இருக்குது?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அந்த வெள்ளையும் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்கெட்டை வாங்கி வந்தது நான்தான். அவரைப் போகவிட்டால் மூன்று குடித்துவிட்டு அங்கேயே விழுந்து கிடப்பார். நான் போனால் ஒன்றோடு முடியும், வீட்டில் சோறு தின்றுவிட்டுப் படுப்பார். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்தோம். அன்று அருமைநாதன் தன் கையால் எடுத்து என் கையில் கொடுத்தான். போலீஸ் கேட்டபோது இதை அப்படியே சொன்னேன். வேறு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மலர்கொடி தன் புருஷன் நெஞ்சுவலியில் செத்தான் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்தே போட்டுவிட்டாள். அதனால் கேஸ் மொத்தமும் என் ஒருத்தி வாயில் நிற்கிறது. வரும் திங்கட்கிழமை திண்டிவனம் கோர்ட்டில் நான் சாட்சி.

"யாரு குடுத்தாங்கன்னு சரியா ஞாபகம் இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மா" என்றார் உபதேசியார். "அவனும் புள்ளகுட்டிக்காரன். ஏழெழுபது தடவ மன்னிக்கணும்னு ஆண்டவரே சொல்லிருக்காரு."

"சொல்லிருக்காருங்க. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னும் சொல்லிருக்காரே, எட்டாவது கட்டளை. சின்ன வயசுல நீங்கதானே குச்சி வெச்சினு மனப்பாடம் பண்ண வெச்சீங்க?"

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் அவன மன்னிச்சி ஆறு மாசம் ஆவுதுங்க. அவன் வூட்டாண்ட போறப்ப சாபம் வுடறதில்ல. அவன் பொண்ணு ஸ்கூலுக்குப் போச்சின்னா, சாப்டியாம்மான்னு கேக்குறேன். அது மன்னிப்பு. கோர்ட்டுல ஞாபகம் இல்லன்னு சொல்றதுக்குப் பேரு வேற."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையை நடத்தும் முறை எங்கள் தெரு அன்பியத்துக்கு, அதாவது ஜெபக்குழுவுக்கு. பாட்டு, வாசகம், மன்றாட்டு எல்லாம் எங்கள் தெருக்காரர்கள் பொறுப்பு. பத்தாவது வரை படித்தவள் என்பதால் மன்றாட்டு எப்போதும் என் தலையில்தான் விழும். முதல் நான்கும் புத்தகத்திலிருந்து: திருச்சபைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக. ஐந்தாவதை நாங்களே எழுதிக்கொள்ளலாம். இந்த முறை ஐந்தாவதும் எழுதியே வந்திருந்தது. கோயிலுக்கு முப்பதடி எவர்சில்வர் கொடிமரம் செய்து கொடுத்த அன்பர் அருமைநாதனையும் அவர் குடும்பத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிக்க வேண்டும் என்று நான் மன்றாட வேண்டும். பூசை முடிந்ததும் கொடிமரத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து, அவனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். ஞாயிறு நான் கோயிலில் அவனுக்காக வேண்டிக்கொண்டால், திங்கள் கோர்ட்டில் எந்த முகத்தோடு அவனைக் கை நீட்டிக் காட்டுவேன்? நன்றாகத்தான் யோசித்திருக்கிறான்.

அவர் போனதும் மலர்கொடி கூடையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள். "வாசிச்சிட்டுப் போயேன்க்கா. உனுக்குப் புருஷன் இருக்காரு, நீ எதிர்த்துப் பேசுவ. எனுக்கு யாரு இருக்கா?" என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. ஆனால் அவளிடம் கத்த முடியவில்லை, அவள் புருஷனுக்கு வாங்கி வந்தவளும் அவள்தான். அன்று இரண்டு பேரும் சேர்ந்தே போய் வாங்கினோம்.

வீட்டில் இதைச் சொன்னதும் பச்சமுத்து, "வேணாம்மே, வுட்டுடு. நான்தானே குடிச்சேன்?" என்றார்.

"நீ குடிச்சது சாராயம்யா. அவன் குடுத்தது விஷம்."

"மேஸ்திரி உன்ன வேலைய வுட்டு நிறுத்திடுவான்."

"திங்கக்கிழம வரலன்னா செவ்வாக்கிழமயும் வராதன்னு இன்னிக்கே சொல்லிட்டான். போவட்டும்."

"அப்பறம் எதுக்குமே?"

எதுக்கு என்றால் என்ன சொல்ல? ஜாமீனில் வந்த பதினைந்தாம் நாளே அருமைநாதன் வீட்டுப் பின்பக்கம் பாக்கெட் வாங்க மறுபடி ஆள் போக ஆரம்பித்துவிட்டது. அவர்களில் யார் வீட்டில் அடுத்து இருட்டப் போகிறதோ தெரியாது. இதைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். நான் அந்தத் தாளின் பின்பக்கத்தில், ஐந்தாவது மன்றாட்டை என் கையெழுத்தில் எழுதினேன். நான்கு முறை அடித்துத் திருத்தினேன். முதலில் எழுதியதில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. படித்துப் பார்த்தால் அது மன்றாட்டாக இல்லை, வசவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. அருமைநாதன் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பீடத்துக்குப் பக்கத்தில் தட்டில் பொன்னாடை. சாமியார் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கு இந்தக் கதையில் எதுவும் தெரியாது. பச்சமுத்துவை ஆண்கள் பக்கம் தூண் ஓரமாக உட்காரவைத்துவிட்டு நான் மைக்குக்குப் போனேன்.

மன்றாட்டில் ஒரு பழக்கம் உண்டு. "உம்மை மன்றாடுகிறோம்" என்று நான் முடித்ததும் சபை முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். என்ன வேண்டினார்கள் என்று யாரும் காதில் வாங்குவதில்லை. மழை பெய்தால் பாத்தியில் உப்பு கரையும், எங்களுக்கு வேலை இருக்காது. இருந்தும் புத்தகத்தில் நல்ல மழைக்காக மன்றாட்டு வந்தால், எங்கள் தெருதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டருளும் என்னும். அன்றும் சொன்னது.

நான் தாளைத் திருப்பினேன்.

"சாராயம் விற்ற அருமைநாதனுக்காகவும், அதை வாங்கிவந்து தன் கையாலேயே புருஷனுக்குக் கொடுத்த அந்தோணியம்மாளுக்காகவும், எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட எங்கள் அனைவருக்காகவும். நாளை நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்ல எங்களுக்குத் தைரியம் தர வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

சபை மொத்தமும் சொன்னது. அருமைநாதனும் சொன்னான். அவனுக்கு நல்ல கணீர்க் குரல், எனக்குத் தனியாகவே கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. அவன் எழுந்து நின்றுவிட்டான். உபதேசியார் பீடத்தண்டை ஓடிவந்தார்.

"சாமி, இது செல்லாதுங்க! ஜனங்க தெரியாம சொல்லிட்டாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நாங்கள் தெரிந்தா சொன்னோம்?

"செல்லாதுங்களா? சரிங்க, தெரிஞ்சே சொல்லட்டும்" என்றேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயரையும் நிறுத்திச் சொன்னேன், என் பெயரையும்தான். சாமியார் கையைத் தூக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ இறக்கிவிட்டார். அதற்கு மட்டும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"...ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

யாரும் பேசவில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பதினைந்து வருஷமாக என்னோடு உப்பு சுமந்தவர்கள், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை என்றால் என்ன, நானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன்.

மலர்கொடி எழுந்து நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரு நெஞ்சுவலியில சாவல" என்றாள். "அந்தப் பாக்கெட்ட குடிச்சிதான் செத்தாரு. நான்தான் வாங்கியாந்து குடுத்தேன். என் பேரையும் சேர்த்துக்கோக்கா. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

தூணோரத்திலிருந்து அடுத்த குரல் வந்தது. பச்சமுத்து. அதற்குப் பின்னால் பெண்கள் பக்கம் ஒவ்வொன்றாக, பிறகு சேர்ந்து. ஆண்கள் பக்கம் நிறையப் பேர் வாயைத் திறக்கவில்லை. பரவாயில்லை, எனக்குக் கேட்டது போதும். அருமைநாதன் செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் வெளியே போனான். கொடிமரத்தை அன்று யாரும் மந்திரிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நானும் பச்சமுத்துவும் நின்றிருந்தோம். மலர்கொடி புருஷனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகாமல் வந்து நின்றாள். சாட்சிப் பட்டியலில் அவள் பேர் இல்லை, கோர்ட்டில் அவளைக் கூப்பிட மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"கூப்புடற வரைக்கும் வாசல்ல ஒக்காந்துனு இருக்கேன்க்கா" என்றாள்.