நாலங்குல வித்தியாசம்

ஓரினின் பதினான்கு வருடக் காத்திருப்பை நான் ஒரு பழைய அட்டைப் பெட்டியில் போட்டுக் கெடுத்தேன்.

எங்கள் இருவருக்கும் வேட்டைத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பித் தயாரிப்பது நான்தான். எனக்கு நூற்றைம்பது கிரெயின் எடையுள்ள குண்டு. எடை குறைவு, வேகம் அதிகம், சாதாரண மானுக்குப் போதும். என் மனைவி நேடீனின் அண்ணன் ஓரினுக்கு நூற்றெண்பது. மெதுவாகப் போய்ச் சீக்கிரம் தாழும், ஆனால் எல்க் மானின் தோள் எலும்பை உடைக்கும். காலிப் பெட்டியைத் தூக்கியெறிய மனம் வராத கஞ்சன் என்பதால் பழைய பெட்டிகளிலேயே அடைத்து, மேலே காகிதம் ஒட்டி எழுதிவைப்பேன். இந்த வருடம் ‘ஓரின் 180’ என்று எழுதிய பெட்டிக்குள் என் நூற்றைம்பது போய்விட்டது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை செய்ததன் பலன்.

அதுவும் எந்த வருடத்தில்! மொன்டானாவில் எங்கள் பக்கத்து மேற்குச் சரிவில் கொம்பன் எல்க்கைச் சுட, குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழவேண்டும். ஓரின் பதினான்கு வருடம் பெயர் கொடுத்து, இப்போதுதான் விழுந்தது. நன்றித் திருநாள் முடிந்த ஞாயிறு பொழுது சாய்ந்தால் சீட்டு வெறும் காகிதம்.

செவ்வாய்க்கிழமை, முந்நூறு கெஜத்தில் கொம்பன் பக்கவாட்டில் நின்றது. புகைப்படக்காரன் முன்னால்கூட யாரும் அவ்வளவு பொறுமையாக நிற்கமாட்டார்கள். ஓரின் சுட்டான். நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்கு மேலே இரண்டடியில், அதன் பின்னால் ஒட்டி நின்ற பைன் மரத்தின் பட்டை தெறித்தது. கொம்பன் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் போனது.

மிச்சத் தோட்டாக்களைக் கையில் வாங்கினேன். குண்டின் மூக்கு குட்டையாக இருந்தது. அது என் நூற்றைம்பது.

“மச்சான், இது உன்னோடது இல்ல. நான் மாத்தி வெச்சுட்டேன்.”

“ம்,” என்றான்.

நாலு மைல் பனியில் இறங்கினோம். முழங்கால்கள் முனகின. வண்டிச் சாவியை என்னிடம் தூக்கிப்போட்டு, “நீயே ஓட்டு” என்றான். இருபது வருடத்தில் முதல் தடவை. அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, நன்றித் திருநாள் விருந்தில் நேடீன் வான்கோழியை அறுத்துக்கொண்டே ஆரம்பித்தாள். “இதையாவது நான் வாங்கினேன். இவர வாங்கச் சொல்லியிருந்தா பெட்டிக்குள்ள புறா இருந்திருக்கும்.”

“விடு நேடீன்,” என்றான் ஓரின்.

“இன்னும் மூணு நாள் இருக்கு மச்சான். காலைல போலாமா?”

“முட்டி வலிக்குது.”

“என்மேல கோபமா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“அந்த உருளைக்கிழங்க இப்படித் தள்ளு.”

மறுநாள், துடைத்துத் தருகிறேன் என்று அவன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சரளைக்கல் குழிக்குப் போனேன். முந்நூறு கெஜத்தில் அட்டையை நட்டு, நூற்றெண்பதில் மூன்று, நூற்றைம்பதில் மூன்று சுட்டேன். விரல் மரத்துப்போனது. அந்தத் தூரம் நடந்து போய் அளந்தேன். என் குண்டு அவன் குண்டைவிட நாலு அங்குலம் மேலே விழுந்திருந்தது. ஓர் உள்ளங்கை அகலம், அவ்வளவுதான். சந்தேகத்தில் மறுபடி அளந்தேன். தன் குற்றம் இன்னும் பெரிதாக இருக்கக்கூடாதா என்று அளவுநாடாவிடம் கெஞ்சிய குற்றவாளி நானாகத்தான் இருப்பேன்.

கொம்பனின் உடம்பு முதுகிலிருந்து வயிறுவரை இரண்டடிக்கு மேல். நடு நெஞ்சைக் குறிவைத்தவனுக்கு நாலங்குலம் ஏறினாலும் நுரையீரல்தான். முதுகுக்கு மேலே இரண்டடி என் பெட்டியால் முடிகிற காரியமே இல்லை. முதலில் அப்பாடா என்றிருந்தது. திரும்பி நடக்கும்போது அந்த நிம்மதி போய்விட்டது. ஓரின் அப்படித் தவறி நான் பார்த்ததே கிடையாது.

சனிக்கிழமை மதியம் அட்டையைச் சுருட்டிக்கொண்டு அவன் சமையலறைக்குப் போனேன். வலது கண்ணை மூடிக்கொண்டு காபி ஊற்றினான். அட்டையை மேசையில் விரித்தேன்.

“நாலு அங்குலம் மச்சான். அவ்வளவுதான் என் பங்கு.”

ஆறு துளைகளையும் விரலால் தடவிப் பார்த்தான்.

“இதுக்காகவா குளிர்ல போய் கிடந்த?”

“நாலு நாளா தூக்கமில்ல. உன் தங்கச்சி வேற பேசியே கொல்றா. நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“பழிய நீதான் ஆசையா தூக்கிக்கிட்ட மாப்ள. உனக்குப் பொருத்தமாவும் இருந்துச்சு. சரி, சுமக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“விளையாடாத. நாளைக்கு சாயங்காலத்தோட சீட்டு முடியுது. சரியான தோட்டா கொண்டாந்திருக்கேன். வர்றியா, மாட்டியா? அன்னிக்கு என்னதான் ஆச்சு?”

ஓரின் கோப்பையைக் கீழே வைத்தான். வைப்பதற்கு முன் மேசையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“ஆகஸ்ட்லேருந்து வலது கண்ணுல எல்லாம் ரெண்டா தெரியுது மாப்ள, ஒண்ணுமேல ஒண்ணு. அன்னிக்கு ரெண்டு கொம்பன் நின்னுச்சு. நான் மேல நின்னத சுட்டேன்.”