நான்காம் வரியின் செருப்பு

ஒரு விடுகதை போடுகிறேன். நால்வர் சேர்ந்து வருவார்கள். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் வாய் திறப்பார். நால்வரும் பேசி முடித்த பிறகு, தலையாட்டியவர் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். அவர்கள் யார்?

விடை: புரியாத பாட்டு. பாட்டுக்கு நான்கு வரி. புரியாத பாட்டைப் புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அதன் வரிகள் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் அமர்ந்து காத்திருப்பார்கள். புரிந்தால் போவார்கள். புரியவில்லை என்று சபையில் சொன்னாலும் போவார்கள்.

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைதோறும் கோயிலின் தலபுராணம் வாசிக்கிறோம். வாரம் ஒரு வீடு. நயினார் அண்ணாச்சி ராகம் போட்டுப் படிப்பார். படித்து முடித்ததும் எல்லோரும் "ஆகா" என்போம். முதலில் சொல்பவருக்குத்தான் நன்றாகப் புரிந்தது என்று வழக்கம். முதலில் சொல்பவன் நான். அதனால் வரிகளும் என்னோடுதான் வருவார்கள்.

ஒருமுறை மூன்றாம் வரியிலேயே சொல்லிவிட்டேன். அன்று மூன்று பேர்தான் என்னோடு வந்தார்கள். நான்காம் வரி மறுநாள் காலையில் வழி விசாரித்துக்கொண்டு தனியாக வந்தார். மெலிந்த மனிதர். மற்ற வரிகளைப் போலவே அவருக்கும் தன்னை மட்டும்தான் சொல்லத் தெரியும்.

"நாணி நின்றது குளத்து நீரே" என்றார்.

"வாங்க" என்றேன்.

வீடு நிறைந்துவிட்டது. என் மனைவி கோமு, "பாட்டுக்கு நாலு பேருன்னு கூட்டிட்டு வாறிய. உலையில எவ்வளவு அரிசி போடுறதுன்னு அந்தப் புராணத்துல போட்டிருக்கா?" என்று கேட்டாள். மகள் ஆவுடை ஐந்தாம் வகுப்பு. அவள் அடுப்படியில் அரிசி டப்பா மேல் நோட்டை வைத்துப் பரீட்சைக்குப் படித்தாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதென்று, விடிந்ததும் வாசலில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது என் வேலை.

நான்காம் வரி மட்டும் அடுப்படிக்கு வந்து ஆவுடைக்குப் பென்சில் சீவித் தருவார்.

"அப்பா, தண்ணி எதுக்கு வெட்கப்பட்டுச்சு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"அது பெரிய தத்துவம்மா. வளர்ந்தா புரியும்."

நான்காம் வரி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் பென்சிலைச் சீவினார்.

இந்த வாரம் வாசிப்பு எங்கள் வீட்டில். சபையார் வருவதற்குள் மொட்டைமாடிக்குப் போய்விடும்படி வரிகளைக் கேட்டுக்கொண்டேன். காய வைத்திருந்த வடகத்தை மிதிக்காமல் வரிசையாகப் போனார்கள். கட்டிலின் விரிப்பைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டேன்.

வாசிப்பு தொடங்கியது. முதல் பாட்டுக்கு நான் "ஆகா" என்ற நேரத்தில், ஆவுடை நான்காம் வரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"மேல வெயிலு" என்றாள்.

நயினார் அண்ணாச்சி நகர்ந்து ஜமுக்காளத்தில் இடம் விட்டார். வந்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சுண்டலைப் பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்பா, இப்பவாவது சொல்லுங்க. தண்ணி எதுக்கு வெட்கப்பட்டுச்சு?"

எனக்குக் காது சுட்டது. "தெரியாதும்மா. அந்தப் பாட்டு எனக்குப் புரியலை. எந்தப் பாட்டும் புரியலை. முதல் நாள்ல இருந்தே புரியலை" என்றேன்.

"ஆகா" என்றார் நயினார் அண்ணாச்சி.

மற்றவர்களும் "ஆகா" என்றார்கள்.

"எல்லாம் தெரிஞ்சவங்கதான் இப்படிச் சொல்ல முடியும். என்ன ஒரு அடக்கம்" என்றார் அண்ணாச்சி.

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. முதலில் "ஆகா" சொன்னவரும் அவர்தான். ஆகவே, புரியாத வரியைப் போல அவர் வீட்டுக்குப் போக எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். கோமு ஒரு பையில் வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தாள். "அண்ணாச்சி, இவுகளுக்குக் காலையில ரெண்டு இட்லி போதும்" என்றாள். அண்ணாச்சி தலைகுனிந்து, "சரிம்மா" என்றார்.

மொட்டைமாடியிலிருந்து வரிகள் இறங்கி வந்தார்கள். கட்டிலுக்கு அடியில் அவரவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, கோமுவிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். கூடம் இவ்வளவு பெரியது என்பதை நான் மறந்திருந்தேன். நான்காம் வரியும் எழுந்து தன் செருப்பை எடுத்துவந்து வாசலில் மாட்டினார். அண்ணாச்சி படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

"ஆவுடை, நீயும் அப்பா கூட வாறியா?" என்று கேட்டேன்.

அவள் என்னையும் நான்காம் வரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாச்சிக்குப் புரிஞ்சதும் நீங்க வந்துருவீங்கள்ல?" என்றாள்.

"வந்துருவேன்."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இவர் இன்னும் புரியலை."

பிறகு நான்காம் வரியைக் காலைத் தூக்கச் சொல்லி, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி என் செருப்பு இருந்த இடத்தில் வைத்தாள்.